கான்கிரீட் வாசலுக்கு மேல் மர டெக்: மெர்பாவ் போடலாமா? கோலம் எங்கே போடுவது?

பெண்டில்ஹில்வாசி

எல்லோருக்கும் வணக்கம். சிட்னியில் பெண்டில்ஹில் பக்கம் எழுபதுகளில் கட்டிய பிரிக் வெனீர் வீடு (உள்ளே மரச் சட்டகம், வெளியே செங்கல்) எங்களுடையது. முன்வாசலில் வெறும் கான்கிரீட் ஸ்லாப். சுவரோரமாக 4.2 மீட்டர் நீளம், வெளியே 2.1 மீட்டர். கூரை இருக்கிறது, ஆனால் வாசல் மேற்கு பார்த்தது, சாரல் அடித்தால் பாதி வரை நனைந்துவிடும். முன்பு இருந்தவர் அடித்த பச்சை பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, வெறுங்காலில் நடந்தால் குத்துகிறது. ஸ்லாபில் பெரிய விரிசல் எதுவும் இல்லை.

டிசம்பரில் அம்மா கும்பகோணத்திலிருந்து மூன்று மாதம் தங்க வருகிறார். போன தடவை வந்தபோது, "திண்ணை இல்லாத வீடு என்னடா வீடு" என்று சொல்லிவிட்டு, தினமும் சாயங்காலம் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் இந்த முறை மரத்தில் டெக் போட்டுவிடலாம் என்று ஆசை. மெர்பாவ் என்ற கெட்டி மரப் பலகை, 90க்கு 19 மி.மீ., மனதில் இருக்கிறது.

அளந்து வைத்திருக்கிறேன். ஸ்லாபிலிருந்து கதவு நிலையின் அடிக்கட்டை வரை 110 மி.மீ. ஸ்லாபுக்கு ஏற இரண்டு படி உயரம், ஒவ்வொன்றும் 170 மி.மீ. சுவரிலிருந்து வெளியே 20 மி.மீ. வாட்டம். பலகையை நேராகக் கான்கிரீட்டிலேயே ஸ்குரூ போட்டு இறக்கிவிடலாமா? இல்லை, ஸ்லாபை உடைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டுமா?

தச்சன்மகன்

உடைக்காதீர்கள். விரிசல் இல்லாத ஸ்லாபை விட நல்ல அஸ்திவாரம் கிடைக்காது. ஆனால் பலகையை நேராகக் கான்கிரீட்டில் படுக்க வைக்கவும் வேண்டாம். அடியில் ஈரம் நிற்கும், மேலே வெயில் காயும், பலகை ஓடம் மாதிரி வளைந்துகொள்ளும்.

இந்த மாதிரி வேலையில் எல்லோரும் மரத்தில் ஆரம்பிக்கிறார்கள். தண்ணீரில் ஆரம்பியுங்கள். பலகை இடைவெளியில் இறங்கும் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும், அது போன பிறகு காற்று எந்த வழியாக உள்ளே வரும், இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டால் மீதி வெறும் ஸ்குரூ வேலை.

உங்கள் வாட்டம் சுவரிலிருந்து வெளியே. அப்படியென்றால் பலகைக்கு அடியில் தாங்கும் ரீப்பர் கட்டையும் அதே திசையில், சுவரிலிருந்து வெளியே ஓட வேண்டும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு ரீப்பரும் ஒரு அணைக்கட்டு. ரீப்பர் வெளியே ஓடினால் பலகை தானாகவே சுவருக்கு இணையாக 4.2 மீட்டர் நீளத்தில் வரும், நடுவில் ஒட்டு இல்லாமல். பார்வைக்கும் அதுதான் அழகு.

ரீப்பருக்கு எச்3 தரத்தில் (வெளியே நனையும் இடத்துக்கு) பதப்படுத்திய பைன், 90க்கு 45, தட்டையாகப் படுக்க வைத்து. எச்2 தவறியும் வேண்டாம், அது நனையாத இடத்துக்கு. வெட்டிய முனை ஒவ்வொன்றிலும் பதப்படுத்தும் திரவத்தைத் தடவுங்கள். மருந்து மரத்தின் நடு வரைக்கும் ஏறியிருக்காது, வெட்டிய இடம் பச்சை மரம் மாதிரி. ரீப்பருக்கு அடியில் அரை அடிக்கு ஒன்றாக 6 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் பேக்கர் துண்டு. மரம் கான்கிரீட்டைத் தொடவே கூடாது.

ஏகாம்பரம்_எக்செல்

கணக்கு போட்டுப் பார்த்தேன், வேறு வேலை இல்லை. பேக்கர் 6, ரீப்பர் 45, பலகை 19. மொத்தம் 70 மி.மீ. கதவு அடிக்கட்டைக்கு இன்னும் 40 மி.மீ. மிச்சம். அது சரி.

11 ரீப்பர் போட்டால் நடுவுக்கு நடு 411 மி.மீ. 19 மி.மீ. கெட்டி மரப் பலகைக்கு 450 வரை போகலாம், எனவே பாதுகாப்பு. பலகைக்கு நடுவே 4 மி.மீ. விட்டு, சுவரோரம் 25 மி.மீ. விட்டால் 22 வரிசை. ஒரு ரீப்பரில் ஒரு பலகைக்கு இரண்டு ஸ்குரூ என்றால் 484. ஐந்நூறு உள்ள டப்பா ஒன்று போதும், பதினாறு தொலைக்கலாம்.

சுன்னாகம்79

ஏகாம்பரம் அண்ணை, பதினாறு காணாது. எங்கட வீட்டில டெக் போட்ட நேரம் புல்லுக்குள்ள போனது மட்டும் முப்பது இருக்கும்.

ஸ்குரூ ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்தான் வாங்க வேணும். பெண்டில்ஹில் கடலுக்குத் தூரம், 304 ரகம் போதும். கடற்கரையோரம் இருக்கிற ஆக்கள் 316 எடுங்கோ. நீளம் 50 மி.மீ. கடைக்காரர் 65ஐத் தருவார், வாங்க வேண்டாம். பலகையும் ரீப்பரும் சேர்ந்தே 64 மி.மீ.தான், 65 போட்டால் நுனி கீழே எட்டிப் பார்க்கும்.

கௌரி_மெல்பன்

நடுவில் புகுந்து பயமுறுத்துவதற்கு மன்னிக்கவும். ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஸ்லாபுக்கு மேல் டெக் போட்டோம். வேலை செய்தவர் பெயர் வேண்டாம். முடித்த அன்றைக்குப் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பலகையைச் சுவரோடு ஒட்டி, ஒரு முடி கூட நுழையாத மாதிரி இறுக்கி வைத்திருந்தார். நானும் "எவ்வளவு சுத்தமான வேலை" என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

ஐந்தாவது வருடம் கரையான் பரிசோதனைக்கு வந்தவர் வாசலில் நின்று முதலில் கேட்டது, "வீப் ஹோல் எல்லாம் எங்கே?" செங்கல் வரிசையில் செங்குத்தாக விட்டிருக்கும் அந்தச் சின்னச் சந்துகள், சுவருக்குள் போன தண்ணீர் வெளியே வருவதற்கு இருப்பவை. அத்தனையும் டெக்குக்கு அடியில். கடைசி இரண்டு பலகையைப் பெயர்த்ததும் ஸ்குரூடிரைவரால் ரீப்பரைக் குத்திக் காட்டினார். ரவா கேசரியில் ஸ்பூன் இறங்குகிற மாதிரி இறங்கியது. பக்கத்தில் சுவர் மேல் பென்சில் அகலத்துக்கு மண் கோடு, கதவு நிலையை நோக்கி. நல்ல காலம், நிலைக்கு ஒரு விரல் கீழேயே பிடித்துவிட்டோம்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் உங்கள் வீப் ஹோல் ஸ்லாபிலிருந்து எத்தனை மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

பெண்டில்ஹில்வாசி

இப்போதுதான் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முதல் வரிசைச் செங்கலில் ஒன்றும் இல்லை, இரண்டாவது வரிசையில் ஆரம்பிக்கிறது. ஸ்லாபிலிருந்து 86 மி.மீ.

தச்சன்மகன்

தப்பித்தீர்கள். ஒரு செங்கல் 76, சாந்து 10, அதுதான் அந்த 86. உங்கள் டெக் 70ல் முடிகிறது. வீப் ஹோலுக்கு 16 மி.மீ. கீழே. கௌரி அக்கா சொன்ன மாதிரி நடக்காமல் இருக்க, சுவரோரம் ஏகாம்பரம் போட்ட 25 மி.மீ. இடைவெளியை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். கடையில் அழகாக ஒரு மூலைப் பட்டி விற்பார்கள், அதை வாங்காமல் வாருங்கள்.

கரையான் விஷயம். புதுக் கட்டடங்களில் ஸ்லாப் ஓரம் 75 மி.மீ. வெளியே தெரிய வேண்டும் என்று இங்கே வைத்திருப்பதே, கரையான் ஏறினால் மண் கோடு கண்ணில் படட்டும் என்பதற்குத்தான். டெக் போட்டால் அந்தப் பார்வையை மறைக்கிறோம். அதனால் நான் செய்யும் வேலைகளில் சுவரோர இரண்டு பலகையை எப்போதும் கழற்றக்கூடிய மாதிரி விடுவேன். ஸ்குரூ தலைக்கு மேல் மரக் கட்டை அடித்து மறைக்க மாட்டேன், பசையும் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை ஸ்குரூவைக் கழற்றித் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. படி. இப்போது இரண்டும் 170, 170. டெக் வந்ததும் கடைசி உயரம் 240 ஆகிவிடும். இங்கே படி உயரம் 115க்கும் 190க்கும் நடுவில் இருக்க வேண்டும், எல்லாம் சமமாகவும் இருக்க வேண்டும். விதியை விடுங்கள், அம்மா முழங்காலை நினையுங்கள்.

ஏகாம்பரம்_எக்செல்

மொத்தம் 410. மூன்றாகப் பிரித்தால் 137. ஆனால் பழைய கான்கிரீட் படி 170ல் நிற்கிறது, அதைக் குறைக்க முடியாதே?

தச்சன்மகன்

குறைக்க வேண்டாம், ஏற்றுங்கள். பழைய படிக்கு மேல் 103 மி.மீ. கட்டிவிட்டால் அது 273, அதாவது இரண்டாவது படி. அதற்கு முன்னால் தரையில் 137 உயரத்துக்குப் புதிதாக ஒரு படி. மூன்றும் சமம். டெக் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கீழே என்பதால் கைப்பிடிக் கிராதி கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்தால் அம்மாவுக்கு நல்லது.

சுன்னாகம்79

கவுன்சில் விசயத்தையும் பாருங்கோ. நியூ சவுத் வேல்ஸில 25 சதுர மீட்டருக்குள்ள, ஒரு மீட்டருக்குக் கீழே இருக்கிற டெக்குக்கு அனுமதி தேவையில்லை என்று ஒரு விதி இருக்கு. ஆனால் அது வீட்டு முன்கோட்டுக்குப் பின்னால வாற டெக்குக்கு. உங்கட முன்வாசல் என்றபடியால் ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிடுங்கோ.

டொராண்டோ_தம்பி

கொடுத்து வைத்தவர்கள். இங்கே தரை உறைந்து தூக்கிவிடும் என்பதற்காகத் தூணுக்கு 1.2 மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். நீங்கள் 16 மி.மீ.க்குக் கவலைப்படுகிறீர்கள்.

நிழல்விரும்பி

எதற்கு இவ்வளவு பாடு? மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்பொசிட் பலகை போட்டால் எண்ணெய் வேண்டாம், கறை இல்லை, கரையான் தின்னாது. வருடா வருடம் மெர்பாவுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது?

கௌரி_மெல்பன்

பலகையைத் தின்னாது. அடியில் இருக்கும் பைன் ரீப்பரைத் தின்னும், அது வழியாக வீட்டுக்குள் போகும். என் வீட்டிலும் அது பலகையைத் தொடவே இல்லை.

தச்சன்மகன்

நிழல்விரும்பி, காம்பொசிட் கெட்ட பொருள் இல்லை, நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் இது மேற்கு வெயில் வாசல், அதுவும் மேற்கு சிட்னி. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்தது நினைவிருக்கும். அடர்நிறக் காம்பொசிட்டில் அந்த மாதிரி சாயங்காலம் செருப்பில்லாமல் நிற்க முடியாது. மரமும் சுடும், ஆனால் இவ்வளவு இல்லை. வெறுங்காலோடு திண்ணையில் உட்கார ஒருவர் வருகிறார் என்றுதானே இந்தக் கதையே ஆரம்பித்தது?

மெர்பாவ் வாங்கும்போது சான்று கேளுங்கள். இந்தோனேசியா, பப்புவா நியூ கினி காடுகளிலிருந்து வருகிற மரம். திருட்டு மரத்தை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2012லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. உள்ளூர் மரம்தான் வேண்டும் என்றால் ஸ்பாட்டட் கம், பிளாக்பட் இரண்டும் அருமை. விலை கொஞ்சம் ஏறும்.

பெண்டில்ஹில்வாசி (ஐந்து வாரம் கழித்து)

கவுன்சிலில் பேசி வழியைத் தெரிந்துகொண்டு, ஆரம்பித்துவிட்டேன். சனி, ஞாயிறு மட்டும்தான் கையில் இருக்கிறது.

முதல் வாரம் பெயிண்டைச் சுரண்டியதிலேயே போனது. இரண்டாவது வாரம் ரீப்பரைக் கான்கிரீட்டில் பிடிக்க ஓட்டை போட்டேன். தூசி முகமெல்லாம் அப்பியது. நுண்தூசியை வடிகட்டும் பி2 முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சமையல்மேடைச் செயற்கைக் கல் வெட்டியவர்களுக்குச் சிலிக்கா தூசியால் நுரையீரல் போய், 2024 ஜூலையில் அந்தக் கல்லையே இந்த நாட்டில் தடை செய்தார்கள். கான்கிரீட் தூசியிலும் அதே சிலிக்காதான்.

வாட்டத்தைத் தட்டாமல் அப்படியே விட்டேன். மேலே கொட்டிய தண்ணீர் கதவுப் பக்கம் வராமல் வெளியே ஓடுகிறது, கண்ணுக்கும் தெரியவில்லை.

பலகை வேலையில்தான் ருசி இருக்கிறது. ஸ்குரூ போகும் இடத்தை நூல் கட்டிக் குறித்து, துளையும் தலைக்குக் குழியும் ஒரே குத்தில் போடும் பிட்டை வைத்துத் துளைத்தேன். மெர்பாவிலிருந்து செம்மண் நிறத்தில் தூள் சுருண்டு வருகிறது, வாசனை கொஞ்சம் புகையிலை மாதிரி. பிட் மழுங்கினால் உடனே தெரியும், தூள் வருவது நின்று புகை வரும். நான்கு பிட் தீர்ந்தது. வளைந்த பலகையை நேராக்க, ரீப்பரில் பழைய உளியைக் குத்தி நெம்பிப் பிடித்துக்கொண்டே மனைவியை ஸ்குரூ போடச் சொன்னேன். பதினேழாவது வரிசையில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரிதான் மழை. காலையில் கதவைத் திறந்தால், டெக்கிலிருந்து தெரு வரைக்கும் போகும் வெளுத்த கான்கிரீட் நடைபாதையில் கும்பகோணம் டிகாக்ஷன் ஓடியிருக்கிறது. இரண்டாம் டிகாக்ஷன் இல்லை, முதல் டிகாக்ஷன். துடைத்தேன், தேய்த்தேன், போகவில்லை. அது போதாதென்று டெக் முழுக்க மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். அது எதனால்?

தச்சன்மகன்

கைப்பிடிக் கம்பியை கிரைண்டரில் வெட்டினீர்களா? டெக் மேலேயே வைத்து?

பெண்டில்ஹில்வாசி

ஆமாம். எப்படித் தெரியும்?

தச்சன்மகன்

எங்கள் அப்பா காலத்துக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்தால் கறுப்பு மை. கடுக்காயில் இருப்பதும் மெர்பாவிலிருந்து வழிகிற அந்த டிகாக்ஷனும் ஒன்றுதான், டானின். கிரைண்டரிலிருந்து பறந்த இரும்புத் துகள் ஈர டானினில் விழுந்து, உங்கள் டெக்கில் மை காய்ச்சிவிட்டது. இரும்பை எப்போதும் பத்தடி தள்ளி வைத்து வெட்ட வேண்டும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்று. ஆக்சாலிக் அமிலம் கலந்த டெக் கிளீனர். கையுறை, கண்ணாடி போட்டு, செடிகளை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு, தடவிக் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். நடைபாதைக்கும் அதே. இரண்டு மூன்று முறை ஆகலாம். மிச்சப் பலகையை மாட்டுவதற்கு முன்னால் புல்தரையில் பரப்பி ஹோஸ் பைப்பால் நன்றாகக் கழுவுங்கள். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. மாட்டும் முன் அடிப்பக்கத்துக்கும் ஒரு கை எண்ணெய். பிறகு அங்கே கை போகாது.

மேல்பக்கத்துக்கு அவசரப்படாதீர்கள். தண்ணீர் நிறமில்லாமல் ஓடுகிற வரை விட்டு, அப்புறம் எண்ணெய்.

பெண்டில்ஹில்வாசி (டிசம்பர்)

புள்ளிகள் போய்விட்டன. நடைபாதையில் கிட்டத்தட்ட போய்விட்டது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். எண்ணெய் இரண்டு கை அடித்தாயிற்று. மூன்று படியும் 137 கணக்கில் உட்கார்ந்துவிட்டன.

அம்மா வந்து நான்கு நாளாகிறது. முதல் நாள் விடிகாலையிலேயே எழுந்து, ஒரு சொம்பு தண்ணீரும் கோலமாவு டப்பாவுமாகக் கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் நின்றார். "ஏண்டா, எங்கே போடுறது?" என்றார். பலகை இடைவெளியைக் காலால் தடவிப் பார்த்து, "மாவு பூரா இதுக்குள்ள போயிடுமே" என்றார். ஐந்து வாரமாக மி.மீ. கணக்கு பார்த்தேன், இது எனக்குத் தோன்றவே இல்லை.

கௌரி_மெல்பன்

டெக் மேல் வேண்டாம். அரிசிமாவு சந்துக்குள் இறங்கினால் எறும்பு குடியேறிவிடும், தினமும் தண்ணீர் தெளிப்பதும் மரத்துக்கு ஆகாது. கடைசிப் படிக்குக் கீழே நடைபாதை ஆரம்பிக்கும் இடத்தில் கான்கிரீட் இருக்கிறதே, அங்கே போடச் சொல்லுங்கள். நம் ஊரிலும் திண்ணையில் யார் கோலம் போட்டார்கள்? வாசலில்தானே.

கார்த்திகைக்கு விளக்கு வைப்பதாக இருந்தால் பித்தளைத் தட்டில் வையுங்கள். எண்ணெய் தடவிய மரத்துக்கு மேல் அகல் விளக்கை நேராக வைக்காதீர்கள்.

சுன்னாகம்79

எண்ணெய் துடைச்ச துணியை என்ன செய்தனீங்கள்? சுருட்டிக் குப்பைத் தொட்டியில போடாதேங்கோ, தானாச் சூடேறிப் பத்தும். விரிச்சுக் காய விட்டிட்டுப் போடுங்கோ. மிஞ்சின பைன் துண்டுகளையும் பார்பிக்யூவில எரிக்க வேண்டாம், மருந்து ஏறின மரம்.

பெண்டில்ஹில்வாசி

துணி வேலியில் காய்கிறது, நன்றி. கோலம் படிக்குக் கீழே போய்விட்டது. புதுப் படி வந்ததில் இடம் கொஞ்சம் சுருங்கி, பதினைந்து புள்ளி வைக்க முடியவில்லை, பதினொன்றுதான் என்று குறை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆள் டெக்கில்தான், தூணில் சாய்ந்துகொண்டு. பக்கத்து வீட்டு லெபனான் பாட்டியும் வந்து உட்கார்கிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது, பேச்சு நிற்பதும் கிடையாது.

ஒரு கடைசிச் சந்தேகம். 4.5 மீட்டர் பலகை வாங்கி வெட்டியதில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருபது மெர்பாவ் துண்டுகள் மீந்திருக்கின்றன. அதில் தனக்குக் கீழே உட்கார ஒரு மணை வேண்டும் என்கிறார் அம்மா. அதுவும் சாயம் விடுமா?

தச்சன்மகன்

விடும். நாலு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடியில் இரண்டு குறுக்குக் கட்டை போட்டால் மணை ரெடி. ஆனால் துண்டுகளை முதலில் ஒரு பக்கெட்டில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், தெளியும் வரை. அப்புறம் எண்ணெய் போட்டு இரண்டு வாரம் காய விடுங்கள். வீட்டில் வெள்ளை வேட்டி கட்டி உட்காருகிற ஆள் யாராவது இருந்தால் மூன்று வாரம்.